படப்புத்தகம் மேடையேறினா பாட்டு எங்க வரணும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு படப்புத்தகத்த பாட்டு நாடகமா போடலாம்னு பெற்றோர் சில பேர் சேர்ந்து பேசிட்டு இருக்கோம். புத்தகம் மொத்தமே 32 பக்கம், வாசிச்சா பத்து நிமிஷம் கூட ஆகாது. இத வெச்சு முக்கால் மணி நேரம் எப்படி ஓட்டுறது? ஒரு வில்லன் கேரக்டர் புதுசா சேர்க்கலாமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

வில்லன் வேண்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். வெளில இருந்து ஒரு ஆள கொண்டுவந்து சண்டை மூட்டி விட்டா நேரம் ஓடும்தான், ஆனா பாதி குழந்தைங்க அந்த புத்தகத்த மனப்பாடமா தெரிஞ்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கும், இது யாரு புதுசான்னு பக்கத்துல அம்மாவ கேக்க ஆரம்பிச்சிடும், அதோட அதுங்க கவனம் போச்சு.

படப்புத்தகத்துல கதை பாதி எழுத்துல இருக்கு, பாதி படத்துல இருக்கு, பக்கத்த திருப்புறோமே அந்த இடைவெளில கூட கொஞ்சம் இருக்கு. நீங்க எழுத்த மட்டும் எடுத்துட்டு வந்து கணக்கு போட்டா பத்து நிமிஷம்தான் வரும். புத்தகம் எங்கெல்லாம் பேசாம விட்டிருக்கோ அதத்தான் தேடணும், மேடைக்கு வேண்டிய நேரம் பூரா அங்கதான் இருக்கு.

இதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் 'எ இயர் வித் ஃபிராக் அண்ட் டோட்'ங்கற மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம். அமெரிக்காவுல ஆர்னல்ட் லோபெல், எழுத்தும் அவரே ஓவியமும் அவரே, 1970ல ஆரம்பிச்சு ஒரு தவளையும் ஒரு தேரையும் நண்பர்களா இருக்கற நாலு புத்தகம் போட்டார், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு குட்டிக் கதை. அவர் 1987ல தவறிட்டார். அவரோட பொண்ணு ஏட்ரியன் லோபெல் மேடை செட் டிசைன் பண்றவங்க, அப்பா கதைகள மியூசிக்கலா கொண்டு வரணும்னு முயற்சி எடுத்து, கதை வசனம் பாட்டு வில்லி ரியேல், இசை அவர் கூடப்பொறந்த ராபர்ட் ரியேல்னு அமைஞ்சு, 2002ல மினியாபொலிஸ் நகரத்துல இருக்கற சில்ட்ரன்ஸ் தியேட்டர் கம்பெனில அரங்கேறிச்சு, 2003ல நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள் இருக்கற பிராட்வே வரைக்கும் போய் சிறந்த மியூசிக்கல்னு அமெரிக்க நாடக உலகத்தோட பெரிய விருதான டோனிக்கு நாமினேஷனும் வாங்கிச்சு. மேடைல மொத்தமே அஞ்சு பேர்தான், வில்லன்னு ஒருத்தன் கிடையாது.

முதல் புத்தகத்துல கடிதம்னு ஒரு கதை வரும். தேரைக்கு யாருமே லெட்டர் போட்டதில்ல, தபால் வர்ற நேரம் ஆனா திண்ணைல சோகமா உட்கார்ந்துக்கும். தவளை இத பாத்துட்டு வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு லெட்டர் எழுதி, தெரிஞ்ச நத்தை ஒண்ணுகிட்ட குடுத்து இத தேரை வீட்ல சேர்த்துடுன்னு சொல்லும். நத்தைகிட்ட குடுத்தா என்ன ஆகும், நாலு நாள் கழிச்சுதான் வந்து சேரும். புத்தகத்துல அந்த நாலு நாள் ஒத்த வரில போயிடும், நத்தை வழியில என்ன பண்ணுச்சு, என்ன நினைச்சுதுன்னு ஒரு சொல் கிடையாது. மியூசிக்கல் எழுதினவங்க அந்த வரிய பிடிச்சிக்கிட்டாங்க. முதல் பாதியில லெட்டர வாங்குற நத்தை நாடகம் பூரா அப்பப்போ மேடைய கடந்து பாடிட்டே போகும், நடுவுல வேற வேற கதை நடந்துட்டே இருக்கும், கடைசில குளிர்காலம் வந்துதான் லெட்டர் போய் சேரும், அப்போ நத்தைக்குன்னு தனியா ஒரு பெரிய பாட்டு. இவ்ளோ பெரிய பொறுப்ப என்ன நம்பி குடுத்தாங்களேங்கற பெருமை அதுல தெரியும். புதுசா ஒரு பாத்திரம் வேண்டியிருக்கல பாருங்க, புத்தகத்துலயே இருந்த ஒரு நத்தைக்கு நேரம் குடுத்தாங்க, அவ்ளோதான். தனித்தனியா கிடந்த கதைகள கோக்குற நூலும் அதுவே ஆயிடுச்சு.

அதனால உங்க புத்தகத்த எடுத்து வெச்சுட்டு, “மறுநாள்”, “ரொம்ப நேரம் கழிச்சு”, “அப்புறம் வீட்டுக்கு போனாங்க” மாதிரி வரிகள பென்சில்ல கோடு போடுங்க, நீங்க தேடுற அரை மணி நேரம் அதுக்குள்ளதான் இருக்கும்.

கேள்வி: நான் மியூசிக் டீச்சர். எத்தனை பாட்டு, எந்த இடத்துல வெக்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா? – ஒரு வாசகி, திருச்சி

எண்ணிக்கைய விடுங்க டீச்சர், இடம் சரியா அமைஞ்சா போதும். கதைல நடந்தத திரும்ப சொல்றதுக்கு பாட்டு போடாதீங்க, நம்ம ஸ்கூல் மேடைகள்ல அதிகமா பாக்கறது அதுதான், குழந்தை காட்டுக்குள்ள போச்சுன்னு வசனத்துல சொல்லிட்டு உடனே “காட்டுக்குள்ள போறோமே”ன்னு எட்டு பேர் ஆடுவாங்க.

அமெரிக்க எழுத்தாளர் மோ வில்லெம்ஸ் 2004ல போட்ட 'கனஃபிள் பன்னி'ங்கற படப்புத்தகம் படிச்சிருக்கீங்களா? இன்னும் பேச்சு வராத ட்ரிக்ஸிங்கற குட்டிப் பொண்ணு அப்பாவோட லாண்டரி கடைக்கு போய் அங்க தன்னோட துணி முயல் பொம்மைய விட்டுட்டு வந்துடுவா, பாதி வழில ஞாபகம் வந்து அப்பாகிட்ட சொல்லப் பாப்பா, வாய்ல வர்றது “ஆகிள் ஃபிளாகிள் கிளாபிள்” மட்டும்தான், அப்பாவுக்கு ஒரு மண்ணும் புரியாது. இத 2010ல வாஷிங்டன் கென்னடி சென்டர்ல மியூசிக்கலா போட்டப்போ கதை வசனம் பாட்டெல்லாம் வில்லெம்ஸே எழுதினார், மைக்கேல் சில்வர்ஷர் இசை. ட்ரிக்ஸிக்கு முழுசா ஒரு சோகப்பாட்டு குடுத்தாங்க, வார்த்தை பூரா அந்த மழலைதான். அர்த்தமே இல்லாத வரி, ஆனா அரங்கத்துல இருக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் அவ என்ன சொல்றான்னு தெரியும், மேடைல இருக்கற அப்பாவுக்கு மட்டும் தெரியாது. பேச முடியாதவளுக்குத்தான் பாட்டு தேவைப்படுதுங்கறத அவ்ளோ சரியா பிடிச்சிருக்காங்க!

பாட்டே வேண்டாத இடமும் உண்டு. மாரிஸ் செண்டாக்கோட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963ல வந்தது, அதுல மாக்ஸ்ங்கற பையன் பூதங்களோட சேர்ந்து கூத்தடிக்கறப்போ ரெட்டைப் பக்கமா மூணு படம், ஒரு எழுத்து கூட கிடையாது. அத ஆலிவர் நஸன்ங்கற இசையமைப்பாளர் ஓபராவா, அதாவது வசனத்தையும் பாட்டாவே பாடற நாடகமா, செஞ்சார், செண்டாக்கே வரிகள் எழுதினார், 1980ல பிரஸ்ஸல்ஸ்ல முதல்ல நடந்துச்சு. அந்த கூத்து வர்ற இடத்த கட்டுப்பாடில்லாத ஆர்கெஸ்ட்ரா இசைகிட்டயே விட்டுட்டாங்க. உங்க பசங்களுக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், ஒரு பறை, ரெண்டு தகர டப்பா குடுத்து வரியே இல்லாம ரெண்டு நிமிஷம் அடிக்க விடுங்க.

புத்தகத்துல ஏற்கனவே திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரி இருந்தா அதுதான் உங்க பல்லவி, அத மாத்தாதீங்க. குழந்தைங்க கூடவே பாடறது அத மட்டும்தான்.

கேள்வி: செட் செலவு மிச்சம்னு புத்தகத்துல இருக்கற படங்கள ஸ்கேன் பண்ணி பின்னாடி எல்ஈடி ஸ்கிரீன்ல ஓட்டிடலாம்ங்கறாங்க. நல்லா இருக்குமா? – ஒரு வாசகர், மதுரை

நல்லா இருக்காதுங்க. படம் பெருசா வெளிச்சமா பின்னாடி ஓடினா குழந்தை அதத்தான் பாக்கும், முன்னாடி நடிக்கற உங்க பையன பாக்காது. இங்கிலாந்துல டால் ஸ்டோரீஸ் குழு 2001ல இருந்து 'த கிரஃபலோ'வ போட்டுட்டு வராங்க, ஜூலியா டொனால்ட்சன் எழுதி ஆக்ஸல் ஷெஃப்லர் வரைஞ்ச 1999 புத்தகம். நடிக்கறது மூணே பேர். ஒருத்தர் எலி, ஒருத்தர் கிரஃபலோங்கற பூதம், இன்னொருத்தரே நரி ஆந்தை பாம்பு மூணும். நரி வந்தா சாமர்த்தியமான வியாபாரி, ஆந்தை வந்தா கொஞ்சம் கிறுக்கு பிடிச்ச கிழவர், பாம்பு வந்தா பார்ட்டி பைத்தியம், ஒவ்வொண்ணுக்கும் தனி ரக பாட்டு. ஷெஃப்லர் படத்துல வரைஞ்சு காட்டின குணத்த இவங்க நடையிலயும் மெட்டுலயும் காட்டுறாங்க. உங்களுக்கும் ஒரு வால், ஒரு தொப்பி, ஒரு நடை போதும். தவிர, படத்த ஸ்கேன் பண்றதுக்கு ஓவியர்கிட்ட தனியா அனுமதி வேணும்.

கேள்வி: ஒரே எழுத்தாளரோட அஞ்சாறு புத்தகத்த சேர்த்து ஒரே நாடகமா போட்டா? – ஒரு வாசகர், சேலம்

அமெரிக்க குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் கதைகள் பலத சேர்த்து 'சூஸிக்கல்'ங்கற மியூசிக்கல் 2000 நவம்பர்ல பிராட்வேல பெரிய பட்ஜெட்ல இறங்குச்சு, 198 ஷோவோட ஆறு மாசத்துக்குள்ள முடிஞ்சுது. அப்புறம் அதையே வெட்டி சின்னதாக்கின வடிவம் அமெரிக்க ஸ்கூல் ஸ்கூலா போய் இன்னிக்கும் ஓடுது. அதனால நீங்களும் சின்னதாவே வெச்சுக்குங்க, ரெண்டு கதைக்கு மேல வேண்டாம்.

கேள்வி: ஸ்கூல் விழாதானே, அனுமதியெல்லாம் வாங்கணுமா? – ஒரு ஆசிரியர், தஞ்சாவூர்

நம்ம காப்புரிமைச் சட்டம் 52வது பிரிவுல ஒரு விலக்கு இருக்கு, ஸ்கூல் நடவடிக்கையா மாணவர்களும் ஆசிரியர்களும் நடிச்சு, பாக்கறவங்களும் மாணவர், ஆசிரியர், பெற்றோர், ஸ்கூல் சம்பந்தப்பட்டவங்கன்னு இருந்தா நிகழ்த்தலாம். ஆனா கதைய நாடகமா மாத்தறதும் மொழிபெயர்க்கறதும் தனித்தனி உரிமைங்க, அது எழுத்தாளரோடது, நம்ம நாட்டுல அவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் இருக்கும். இந்த விலக்கு அதுக்கும் சேர்த்துன்னு எடுத்துக்காதீங்க. வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டா சுத்தமா வேற கதை. சின்னக் குழந்தைகளுக்காக ஒருத்தர் உட்கார்ந்து எழுதி வரைஞ்சது, கேட்டுட்டு செய்யறதுதான் மரியாதை.

பதிப்பகத்தோட ரைட்ஸ் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்க. புத்தகம் பேர், தேதி, எத்தனை ஷோ, எத்தனை சீட், டிக்கெட் உண்டா இல்லையா, தமிழ்ல பண்றீங்கங்கறது, வீடியோ எடுப்பீங்களா, இத்தனையும் முதல் மெயில்லயே இருக்கட்டும். பதில் வர நாளாகும், ஒத்திகைக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே அனுப்புங்க. அவ்ளோ நேரம் இல்லன்னா குழந்தைங்க புத்தகம் போடற பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் இணையதளத்துக்கு போங்க, தமிழ்லயே நிறைய படக்கதை இருக்கு, பெரும்பாலும் சிசி பை 4.0ங்கற உரிமம், அதாவது படைச்சவங்க பேர போட்டா யாரும் பயன்படுத்தலாம், மாத்தி மேடை போட தடையில்ல. எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம் நாலு பேரையும் அழைப்பிதழ்ல போட்டுடணும், கதையோட கடைசி பக்கத்துல இருக்கற உரிமத்தையும் ஒரு தடவை பாத்துக்குங்க.