மயில் கொத்திய கீரைப்பாத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, வீட்டுக்குப் பின்னால் அஞ்சு சென்ட் இடத்தில் கீரை, வெண்டை, தக்காளி போட்டிருக்கிறேன். ஆறு மாதமாக மயில் தொல்லை தாங்க முடியவில்லை. விதைத்த மறுநாளே பாத்தியைக் கிளறிவிடுகிறது, தக்காளி நிறம் மாறினாலே கொத்திவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நெல்லில் மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார். மாமியாரோ முருகன் வாகனம், தொடாதே என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
*வாசகி, பொள்ளாச்சி அருகே*

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கம்மா. மருந்து நெல் வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. சட்டத்தை விடுங்கள், அந்த நெல்லை மயில் மட்டுமா தின்னும்? புறா தின்னும், மைனா தின்னும், நாலு வீடு தள்ளி இருக்கிற கோழி தின்னும், செத்த பறவையை இழுத்துப்போகிற நாயும் சாகும். குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் விஷத்தை வைக்கச் சொல்வதைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது.

சரி, பாத்தியைக் காப்பாற்றுவோம். முதலில் ஒன்று கேட்கிறேன், உங்கள் தெருவில் யாராவது காலையில் மயிலுக்கு அரிசி போடுகிறார்களா? எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வீடு இருந்தது. அன்பாகத்தான் போட்டார்கள், ஆனால் அரிசிக்கு வந்த மயில் அப்படியே நடந்து என் வெண்டைக்கும் வந்தது. அவர்களிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்தியதிலேயே பாதித் தொல்லை போய்விட்டது. வாசலில் காயவைக்கும் தானியம், கோழித் தீனி இதையெல்லாம் திறந்து போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விதைப்பு. மயிலுக்கு ரொம்பப் பிடித்தது விதையும் இளங்குருத்தும். அதனால் கீரை விதைத்ததும் பாத்தியின் மேல் முள் கிளைகளைப் பரப்பிவிடுங்கள், நம் பாட்டிகள் செய்ததுதான். கீரை ஒரு விரல்கடை வந்ததும் எடுத்துவிட்டு, பாத்தியின் மேல் மூங்கில் குச்சியை வளைத்து நட்டு பச்சை நிழல்வலையைப் போர்த்துங்கள். தக்காளி, கத்தரி நாற்றைக் குழித்தட்டில் கூரைக்குள்ளேயே வளர்த்து, தண்டு கெட்டியான பிறகு நடுங்கள்.

மயில் பெரிய உடம்புக்காரப் பறவை, இறங்கவும் ஏறவும் திறந்த இடம் வேண்டும். பாத்திக்கு மேலே இடுப்பு உயரத்திலும் தலை உயரத்திலும் தடிமனான வெள்ளைக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் இறங்கத் தயங்கும். பளபளக்கும் ரிப்பன், பழைய சி.டி. எல்லாம் நானும் கட்டிப் பார்த்தேன், ஒரு வாரம்தான், அப்புறம் பழகிவிட்டது. கட்டுவதாக இருந்தால் நாலு நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள்.

ஒருவேளை புதர் ஓரத்தில், தரையில் முட்டைகளைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பெட்டை நான்கு வாரம்போல அடைகாக்கும். அதுவரை அந்த மூலையில் களை எடுக்காமல் இருந்தால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அது தின்கிற புழு, பூச்சி, வெட்டுக்கிளியையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: என் கொய்யா மரத்தில் ஒரு பழம்கூட முழுசாகக் கிடைப்பதில்லை. அணிலா, வௌவாலா என்றே தெரியவில்லை.
*வாசகர், திண்டுக்கல்*

பதில்: காலையில் மரத்தடியைப் பாருங்கள். பழம் கிளையிலேயே தொங்கிக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் குடைந்திருந்தால் பெரும்பாலும் அணில். சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டை கீழே கிடந்தால் வௌவால், அது ராத்திரி வேலை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பை கட்டிவிடுங்கள், பழைய வேட்டித் துணியில் தைத்தாலே போதும். அணில் சில பையைக் கடித்துக் கிழிக்கும், அதனால் கைக்கு எட்டுகிற கிளைகளுக்கு மட்டும் கட்டிவிட்டு உச்சிக்கிளையை அவற்றுக்கே விட்டுவிடுவது என் வழக்கம். கடிபட்ட பழத்தை, கடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் வேண்டாம். முழுசாகவே குழியில் போட்டு மூடுங்கள்.

கேள்வி: மயிலுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றி மீன்வலை கட்டினேன். அதில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிச் செத்துவிட்டது. மனசு கேட்கவில்லை. வேறு வழி சொல்லுங்கள்.
*வாசகர், ஈரோடு*

பதில்: மனசு கேட்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. மெல்லிய நைலான் வலையில் தலையை விட்ட பாம்பால் பின்வாங்க முடியாது, செதில் மாட்டிக்கொள்ளும், திமிறத் திமிற இழை உடம்பை அறுக்கும். வெயிலில் கிடந்து சாகும். உங்கள் தோட்டத்து எலியைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தச் சாரைதான்.

அந்த வலையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். சுருட்டி மூலையில் போட்டாலும் ஆபத்துதான், ஓணானும் தவளையும் அதில் மாட்டும். வலை வாங்கும்போது கண்ணிக்குள் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் வாங்காதீர்கள். கட்டும்போது தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, அடிப்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி விடுங்கள். தினமும் காலையில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

இனி எப்போதாவது உயிரோடு சிக்கியிருந்தால் நீங்களே கத்தரிக்கோலோடு போகாதீர்கள். சாரை என்று நினைத்தது நல்லபாம்பாக இருந்து கடித்த கதைகள் உண்டு. தள்ளி நின்று, நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, 101-க்குப் போன் செய்து தீயணைப்பு நிலையத்திடம் சொல்லுங்கள், அவர்கள் பாம்பு பிடிக்க வருவார்கள். வனத்துறை அலுவலகம் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் சொல்லலாம். ஆள் வரும்வரை பாம்பின் மேல் வெயில் படாதபடி, தூரத்திலிருந்தே ஒரு நீளக் கம்பால் சாக்கைத் தள்ளிப் போட முடிந்தால் போடுங்கள்.