ஒட்டியும் ஓயாத பஞ்சர்: ஓட்டை இருக்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியிலிருந்து தரமணி வழியாகத் துரைப்பாக்கத்திலுள்ள அலுவலகத்துக்குக் கியர் சைக்கிளில் போய் வருகிறேன். ஒன்றரை மாதத்தில் பின்சக்கரம் நான்கு முறை பஞ்சராகிவிட்டது. புது டியூப் மாற்றியும் பயனில்லை. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்க வேண்டியதாயிற்று. மழைக்காலமும் தொடங்கிவிட்டது. சைக்கிளை விட்டுவிட்டு ஸ்கூட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: ஸ்கூட்டர் பற்றிய முடிவை அடுத்த பஞ்சர் வரை தள்ளிப்போடுங்கள். ஒரே சக்கரம் குறுகிய காலத்தில் நான்கு முறை காற்றிழந்தால், பெரும்பாலும் ஒரே காரணம் சரிசெய்யப்படாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். டியூபை மாற்றும்போது ஓட்டை போய்விடுகிறது, ஓட்டையை உண்டாக்கியது மட்டும் டயரிலோ ரிம்மிலோ அப்படியே இருந்துவிடுகிறது. ஆகவே, அடுத்த முறை டியூபைக் கழற்றுவதற்கு முன்பே, வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் கோடு போட்டோம் என்பதையும் நினைவில் வையுங்கள். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்தபின், டியூபைக் கோட்டுக்கு நேராக டயரின்மேல் வைத்துப் பார்த்தால், டயரில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். பஞ்சர் கடையில் கொடுப்பதானாலும் இதைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். பழைய டியூபைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

ஓட்டை, சாலையைத் தொடும் வெளிப்புறத்தில் ஊசி குத்தியதுபோல ஒன்றே ஒன்றாக இருந்தால், குத்திய பொருள் இன்னும் டயரில் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் போகும் வழியில் இரண்டு பொருள்களை நான் முதலில் சந்தேகிப்பேன். ஒன்று, காலி மனைகளின் ஓரத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல முள். குத்தியபின் அதன் நுனி ரப்பருக்குள்ளேயே ஒடிந்துவிடும், வெளியே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். இன்னொன்று, வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து உதிரும் எஃகுக் கம்பித் துணுக்கு. தலைமுடியைவிடச் சற்றே தடித்த இந்தக் கம்பி வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது. டயர் அழுந்தி உருளும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து டியூபைக் குத்தும். இதனால்தான் ஒட்டிய அன்று நன்றாக ஓடிய சைக்கிள் சில நாள் கழித்து மறுபடியும் படுத்துவிடுகிறது. வெறும் விரலால் தடவித் தேடினால் கையைக் கிழித்துக்கொள்வீர்கள். ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாக இழுத்து வாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கிக்கொண்டு நிற்கும். அங்கே டயரை வளைத்துப் பிடித்து, கூர்மையான இடுக்கியால் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் முள்ளைத் தேடிப் பயனில்லை. காற்று குறைவாக இருந்ததுதான் காரணம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டயர் முழுவதுமாக நசுங்கி, டியூப் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலான கியர் சைக்கிள்களின் வால்வும் மோட்டார் சைக்கிளின் வால்வும் ஒன்றே என்பதால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்கிறார்கள். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு 25 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை போதும். சைக்கிளின் மெலிந்த டயருக்கு அதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவை. மலை சைக்கிள் வகையின் அகலமான டயர்களுக்கு 40 முதல் 65 வரையிலும், நகரச் சாலைக்கான ஒடுங்கிய டயர்களுக்கு 50 முதல் 75 வரையிலும் பொதுவாகக் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் டயருக்கான வரம்பு அதன் பக்கச்சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படித்து, அழுத்தமானி பொருத்திய பம்ப் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்து, வாரம் ஒருமுறை அளந்து அடியுங்கள். பஞ்சரே இல்லாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது கணக்கில் சேராது.

ஓட்டை உட்புறத்தில், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், ரிம் டேப் (ஸ்போக் முனைகளை மூடும் பட்டை) விலகி ஸ்போக் கம்பியின் முனை டியூபை அறுக்கிறது. புது டேப் ஒட்டுவது சிறிய செலவுதான். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபையே மாற்ற வேண்டும்.

பின்சக்கரமே ஏன் என்று நீங்கள் கேட்கக்கூடும். உங்கள் எடையில் பெரும்பங்கு அதன்மேல்தான் இறங்குகிறது. தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் நிமிர்த்திவிட, பின்சக்கரம் அதன்மேல் ஏறுகிறது. மழையில் இது இன்னும் கூடும். ஈரம் பட்ட ரப்பரில் கண்ணாடித் துண்டு எளிதாக வழுக்கி இறங்கும். சாலையின் குப்பையெல்லாம் அடித்து வரப்பட்டு, நாம் ஓட்டும் இடது ஓரத்திலேயே சேரும். அதனால் ஓரத்தை ஒட்டி உரசிக்கொண்டு போகாமல், ஏறக்குறைய ஒரு கை நீளம் உள்ளே தள்ளி ஒரே நேராக ஓட்டுங்கள். ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிய இடங்களில் இந்த இடைவெளி கிடைக்காது. அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. நிறுத்தத்துக்கு ஒதுங்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் மட்டும் எந்த அவசரத்திலும் நுழையாதீர்கள். தேங்கிய நீரின் அடியில் பள்ளம் இருக்கிறதா என்பது தெரியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல்.

தாமதத்துக்கு வருவோம். ஓட்டையை வழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு மாற்று டியூப், டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் இரண்டு டயர் லீவர், ஒரு கைப்பம்ப், சக்கரம் நட்டால் முடுக்கப்பட்டிருந்தால் அதற்கான ஸ்பேனர் ஆகியவற்றைச் சிறு பையில் போட்டு இருக்கைக்கு அடியில் கட்டிவிடுங்கள். சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றியபின் கழற்றினால் பின்சக்கரம் சிரமமில்லாமல் வெளியே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டால், சாலையோரத்தில் கை தடுமாறாது. புது டியூபை மாட்டுவதற்கு முன், அந்த அவசரத்திலும் டயரின் உட்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய டியூபை வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது உலர்ந்து பிசுபிசுக்கும்வரை பொறுத்திருந்து ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் ஒட்டு பெயர்ந்துவிடும். கொட்டும் மழையில் மாட்டிக்கொண்டால், வெளிச்சமான இடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ போய்விடுங்கள். மாலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின்னும் வெளிப்புற ஓட்டைகளே தொடர்ந்து வந்தால், டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிட்டதா, உள்ளிருக்கும் நூல் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் டியூபுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, உட்புறம் பாதுகாப்புப் பட்டை வைத்த டயராகக் கேட்டு வாங்குங்கள். அது எடை கூடியது, மிதிக்கும்போது சற்றுக் கனக்கும். ஆனாலும் உங்கள் வழிக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.