முதல் உலகப் போரில், விடுதலை கேட்ட அயர்லாந்துக்காரர்கள் ஏன் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்கள்?

ஆளுக்கொரு காரணம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன்: பிரான்சிஸ் லெட்விட்ஜ்.

1887இல் மீத் மாவட்டத்தின் ஸ்லேன் கிராமத்தில் பிறந்த ஏழை. செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், அப்புறம் சாலைப் பணி. நடுவே கவிதையும் எழுதினார். அயர்லாந்து தேசியவாதிதான், போரில் சேரக் கூடாது என்றுதான் முதலில் பேசினார். ஆனால் 1914 அக்டோபரில் தானே போய்ச் சேர்ந்துவிட்டார். நம்மையும் சேர்த்துத்தான் பிரிட்டன் காக்கிறது, நாம் வீட்டில் உட்கார்ந்து தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் சொன்ன விளக்கம். காதல் தோல்வியும் ஒரு காரணம் என்பார்கள்.

துருக்கியின் கலிப்போலி, செர்பியா என்று போர்முனைகளைச் சுற்றினார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் வெடித்த 1916 ஈஸ்டர் எழுச்சிதான் அவரை உலுக்கியது. டப்ளினில் எழுச்சியை அடக்கி, அவருடைய நண்பர் தாமஸ் மெக்டொனாவைச் சுட்டுக் கொன்றது எந்த ராணுவம்? அவர் உடுத்தியிருந்த அதே சீருடைக்காரர்கள். நண்பருக்கு இரங்கற்பா எழுதினார். விடுப்பு முடிந்தும் திரும்பத் தாமதித்து, ராணுவ விசாரணையில் பதவிப் பட்டையை இழந்தார். ஆனாலும் படையை விட்டு ஓடவில்லை.

1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கு அருகே மூன்றாவது பெரும் சண்டை தொடங்கிய நாள். அவர் சண்டையில்கூட இல்லை. சேற்றில் சாலை போட்டுக்கொண்டிருந்தார், ஊரில் பார்த்த அதே வேலை. தேநீர் குடிக்க உட்கார்ந்த இடத்தில் குண்டு விழுந்தது. வயது 29. அதே நாளில் இறந்த வேல்ஸ் கவிஞர் ஹெத் வின்னும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.