மொரிஷியஸில் காவடியை வீடியோ எடுத்து வீட்டிலேயே எடிட் செய்ய, எதில் பணம் போடலாம்?

கேட்டவர் இதுவரை போனில்தான் எடுத்திருக்கிறார். அடுத்த தைப்பூசத்துக்குள் கேமரா வாங்கி, குடும்பத்தார் எடுக்கும் காவடியை ஆரம்பம் முதல் கடைசி வரை பதிவுசெய்து, தானே எடிட் செய்ய ஆசை. கையில் இருக்கும் பணம் ஒரு புதுக் கேமராவுக்குத்தான் சரியாக இருக்குமாம்.

அந்தப் பணம் முழுவதையும் கேமராவில் போடாதீர்கள். பாதியோடு நிறுத்திக்கொண்டு, மீதியை ஒலிப்பதிவுக்கும் டிரைவுக்கும் ஒதுக்குங்கள். இங்கே கல்யாணம், காவடி, தீமிதி எல்லாம் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். படம் கொஞ்சம் ஆடினாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். அரோகராவும் மேளமும் கரகரவென்று கேட்டால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

தவிலில் அடி விழும்போது சத்தம் உச்சிக்குப் போகும். அடுத்த நிமிடம் அர்ச்சகர் மந்திரம் சொல்லும்போது அடங்கிவிடும். போனும் ஆட்டோ லெவலில் இருக்கும் கேமராவும் இரண்டையும் சமமாக்கப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு கூட்டத்தின் இரைச்சல் குபுகுபுவென்று மேலே வரும். இதை எடிட்டில் ஒழுங்காகச் சரிசெய்யவே முடியாது. அதனால் முதலில் வாங்க வேண்டியது 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் சின்ன ரெக்கார்டர். ஜூம் எச்1 எசென்ஷியல் மாதிரி ஒன்று போதும். அதில் லெவல் வைக்கும் வேலையே கிடையாது. அலை உச்சியில் வெட்டுப்பட்டதுபோலத் தெரிந்தாலும் எடிட்டில் அளவை இறக்கினால் முழுசாகக் கிடைத்துவிடும். ஆனால் மைக்குக்கும் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு, தவிலுக்கு நேர் முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். பக்கவாட்டில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். நம் தீவில் தென்கிழக்குக் காற்று எப்போதும் வீசிக்கொண்டிருக்கும். பஞ்சு உறை அதற்குப் போதாது, ரோமம் வைத்த உறையைத் தனியாக வாங்குங்கள்.

அப்புறம், ஊர்வலம் முழுவதும் ரெக்கார்டரை நிறுத்தவே கூடாது. எடிட்டில் எனக்குப் பெரிய உதவி இதுதான். மேளம் ஒரே ஓட்டமாக அடியில் ஓடிக்கொண்டிருந்தால், மேலே படத்தை எங்கே வெட்டினாலும் உறுத்தாது. ஒலியும் வெட்டுக்கு வெட்டு மாறினால் பார்க்கிறவர்களுக்குத் தலை வலிக்கும். நீளமாக ஓடும்போது ரெக்கார்டரின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதனால் அவ்வப்போது கேமராவைப் பார்த்து ஒரு தடவை கையைத் தட்டுங்கள், பிறகு பொருத்த வசதியாக இருக்கும்.

சரி, கேமரா. பழையதாக ஒரு பேனசோனிக் ஜிஎச்5 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். 2017இல் வந்ததுதான், ஆனால் உங்கள் வேலைக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் இடம் உண்டு. அரை மணி நேரத்தில் தானாக நிற்காது. நடந்துகொண்டே எடுத்தாலும் ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும். இதன் குறை ஆட்டோஃபோகஸ், வீடியோவில் தேடித் தேடி அலையும். ஃபோகஸைப் பூட்டிவைத்து எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் டிரைபாட் விரிக்க இடம் இருக்காது, ஒற்றைக்கால் மோனோபாட் போதும்.

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. மெதுவாக ஓட்ட வேண்டுமென்றால் 50 ஃபிரேம், 1/100. போன்கள் 30, 60 என்றுதான் வரும். அப்படியே எடுத்தால் கோயிலுக்குள் விளக்குகள் துடிக்கும். ஐபோனில் PAL ஃபார்மட்களைக் காட்டும் அமைப்பைப் போட்டால் 25 கிடைக்கும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நாம் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். ஜனவரிக் கடைசியில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். காவடி வளைவின் நிழல் முழுவதும் எடுப்பவர் முகத்தில் விழும். ஆகவே அகலமான காட்சிகளைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். நடுப்பகலில் கோயில் நிழலில் முகங்களுக்கு அருகே போங்கள், அப்போது பின்னால் வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். குவாத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைக்கோயில் என்றால், கூட்டத்துக்கு முன்பே ஏறிப் படிகளின் மேலே நின்றுவிடுங்கள். ஐஎஸ்ஓ 200, எஃப்/4, 1/50 என்று வைத்தால் நேர் வெயிலில் ஒளி ஏறத்தாழ 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) அதிகமாக இருக்கும். ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி64 ஃபில்டர் இல்லாமல் சமாளிக்க முடியாது.

நம் காவடிக்கே உரிய சிக்கல் ஒன்று அந்த அடர் இளஞ்சிவப்பு உடை. வெளிச்சம் மிஞ்சிய இடத்தைத் திரையில் காட்டும் ஸீப்ரா கோடுகள் மொத்தப் பிரகாசத்தைத்தான் அளக்கும். இந்த நிறத்தில் பிரகாசம் குறைவு, ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். ஸீப்ரா எச்சரிக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் புடவையின் மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாக இருக்கும். அந்த உடை வெயிலில் நிற்கும்போது அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். நிறத்தை ஏற்றிக் காட்டும் விவிட் ப்ரொஃபைல் பக்கமே போக வேண்டாம், நேச்சுரலில் வண்ண அடர்த்தியை இன்னும் இரண்டு படி இறக்குங்கள்.

அலகு குத்தும் நேரத்தை எடுப்பதென்றால், கொடியேற்றத்துக்குப் பிறகு வரும் விரத நாட்களிலேயே குடும்பத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள். முகத்துக்கு நேராக விளக்கு அடிக்காதீர்கள். அவர்கள் வேண்டுதலுக்கு வந்திருக்கிறார்கள், படம் எடுக்க வசதி செய்துகொடுக்க வரவில்லை.

எடுத்து முடித்த அன்று இரவே இரண்டு டிரைவுகளில் நகல் எடுங்கள். ஜிஎச்5இல் 25 ஃபிரேம் 4கே, 10 பிட் 4:2:2 என்றால் 150 எம்பிபிஎஸ், மணிக்கு 67 ஜிபிக்கு மேல் போகும். கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே முழுசாக நகலெடுக்க வேண்டும், கிளிப்புகளை மட்டும் பொறுக்கக் கூடாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மீடியா பக்கத்தில் குளோன் என்று ஒரு வசதி உண்டு, நகல் சரியாக வந்ததா என்று அதுவே சரிபார்க்கும். இரண்டு நகலும் கைக்கு வரும்வரை கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம். தைப்பூசம் வருவது சூறாவளிக் காலத்தில், ஒரு டிரைவாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

இதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. ஜிஎச்5 தரும் இந்த வகைக் கோப்பு பல கணினிகளில் திக்கித் திணறித்தான் ஓடும். கோப்பு வகையை மாற்றும் ஷட்டர் என்கோடர் என்ற மென்பொருள் இலவசம், அதில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற வகையில் சின்ன ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கான இலேசான நகல், செய்து அதை வைத்து வெட்டுங்கள். முதல் கிளிப்பை உள்ளே இழுக்கும் முன்பே டைம்லைனை 25 என்று வைத்துவிடுங்கள். உறவினர்கள் போனில் எடுத்துத் தருவதில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் ஷட்டர் என்கோடரிலேயே 25க்கு மாற்றிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போகப் போக ஒலி தள்ளிப்போகும்.

தமிழில் தலைப்புப் போடும்போது 'கொடியேற்றம்' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போனால், மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். அடோபி பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் அமைப்புகளில் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான எழுத்து இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். வேறு மென்பொருளிலும் இந்தச் சிக்கல் வந்தால், தலைப்பை வெளியே பிஎன்ஜி படமாகச் செய்து கொண்டுவந்து ஒட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கீழே கிரியோலிலும் ஒரு வரி போடுங்கள்.

கடைசியில் கொடுக்கும் பிரதி எச்.264, 8 பிட், 1080பி. பாட்டி வீட்டுப் பழைய டிவியிலும் அது ஓடும். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. படம் நீளமாக இருந்தால் கொடியேற்றம், ஊர்வலம், அபிஷேகம் என்று மூன்று கோப்பாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.