கான்ஸ்ட் போட்ட பட்டியல் ஏன் மாறுகிறது?

"ஜாவாஸ்கிரிப்டில் கான்ஸ்ட் (const) என்றால் மாறாது என்று படித்தேன். ஆனால் கான்ஸ்ட் போட்ட பட்டியலில் புதிதாக ஒன்றை புஷ் (push) செய்தால், பிழையே காட்டாமல் சேர்த்துக்கொள்கிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கற்கத் தொடங்கிய காலத்தில் என்னையும் இது ரொம்ப நாள் படுத்தியது.

வேரியபிள் ஒரு டப்பா, மதிப்பு அதற்குள் இருக்கும் சாமான் என்றுதான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். கொஞ்ச நேரம் அதை மறந்துவிடுங்கள். வேரியபிளை ஒரு பெயர் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பையன்தான், வீட்டில் குட்டி, பள்ளிக்கூடத்தில் கார்த்திகேயன். ஞாயிற்றுக்கிழமை பழனியில் குட்டிக்கு மொட்டை போட்டால், திங்கட்கிழமை வகுப்பில் கார்த்திகேயனும் மொட்டைத் தலையோடுதான் உட்கார்ந்திருப்பான்.

கான்ஸ்ட் காய்கள் = ["கத்தரி", "வெண்டை"];
கான்ஸ்ட் நகல் = காய்கள்;
நகல்.புஷ்("முருங்கை");

(கான்ஸ்ட், புஷ் இரண்டையும் எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். 'காய்கள்', 'நகல்' தமிழிலேயே இருக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும்.)

இப்போது 'காய்கள்' பட்டியலிலும் 3 காய்கள் இருக்கும். பட்டியல் ஒன்று, பெயர் இரண்டு. கான்ஸ்ட் தடுப்பதெல்லாம் அந்தப் பெயரைத் தூக்கி வேறொரு பையனுக்கு வைப்பதைத்தான். 'காய்கள் = []' என்று எழுதிப் பாருங்கள், உடனே டைப்எரர் (TypeError) என்ற பிழை வரும். பையன் வளர்வதையோ மொட்டை போட்டுக்கொள்வதையோ அது தடுக்காது.

எண்ணும் சரமும் (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) அப்படியில்லை. 5 என்ற எண்ணை யாராலும் 6 ஆக்க முடியாது. பெயர்தான் 5ஐ விட்டுவிட்டு 6க்குப் போகும். அதனால்தான் எண்களில் இந்தக் குழப்பம் கண்ணில் படுவதே இல்லை.

ஒரு கடைக்கு பில் போடும் நிரல் எழுதியபோது, நகல் என்று நம்பி ஒரு பட்டியலிலிருந்து பொருளை நீக்கினேன். மூலப் பட்டியலிலும் அது காணாமல் போயிற்று. காரணம் பிடிபட இரண்டு இரவுகள் ஆயின. உண்மையான நகல் வேண்டுமென்றால் [...காய்கள்] என்று எழுதுங்கள்.

பெயர் வைக்க உதவும் சொற்களில் லெட் (let), கான்ஸ்ட் இரண்டும் 2015இல்தான் மொழிக்குள் வந்தன. அதற்கு முன் வார் (var) மட்டுமே. இஃப் (if) அடைப்புக்குள் அறிவித்தாலும் வார் வைத்த பெயர் வெளியே கசியும்; புதிதாக எழுதும்போது அதைத் தொடவே வேண்டாம். எதற்கும் முதலில் கான்ஸ்ட் போடுங்கள், பெயர் இடம் மாறியே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் லெட்.

இவற்றை பிரவுசர் கன்சோலில் அடித்துப் பார்த்த பிறகு, பட்டியலுக்குள் இன்னொரு பட்டியலை வைத்து மூன்று புள்ளியால் நகலெடுத்துப் பாருங்கள். வெளிப்பட்டியல் புதிது, உள்ளே இருப்பது அதே பழைய பையன்தான்.