கார் கேள்வி-பதில்: ஹைப்ரிட் செடான் யாருக்கு லாபம்?

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஹைப்ரிட் செடான் (பெட்ரோல் இன்ஜினும் எலக்ட்ரிக் மோட்டாரும் சேந்து இருக்கிற, பின்னாடி தனி டிக்கி உள்ள கார்) பத்தினது, அதனால மத்ததை அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

தாம்பரம் வாசகர்: தினமும் சோழிங்கநல்லூர்ல ஆபீஸ், மாசம் 1,200 கிலோமீட்டர் ஓடும். இப்போ இருக்கிறது மேனுவல், கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி வலி தாங்கல. ஹோண்டா சிட்டி பெட்ரோல் சிவிடி (கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக்) எடுக்கவா, ஹைப்ரிட் எடுக்கவா? விலை வித்தியாசம் மைலேஜ்லயே திரும்பி வந்துடும்னு ஷோரூம்ல சொல்றாங்க, உண்மையா?

திரும்பி வரும் சார், எத்தனை வருஷத்துலங்கிறது தான் கேள்வி. மேடவாக்கம் ஜங்ஷன்ல ஒரே சிக்னல்ல ரெண்டு மூணு தடவை நின்னு, அப்புறம் பெரும்பாக்கம் வரைக்கும் ஊர்ந்து போற ரூட்டு உங்களோடது. அங்க சிவிடி லிட்டருக்கு 12 குடுத்தாலே பெரிய விஷயம். ஹைப்ரிட் அதே ரூட்டுல 20 குடுக்குதுன்னு வெச்சுக்குங்க. 1,200 கிலோமீட்டருக்கு அது 100 லிட்டர், இது 60 லிட்டர். சென்னைல லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருக்கிறதால மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000 மிச்சம். ஆன்ரோடு விலைல 4 லட்சம் வித்தியாசம்னு எடுத்தா போட்ட காசு திரும்ப எட்டு வருஷத்துக்கு மேல ஆகும். அந்த 4 லட்சத்துக்குள்ளயே ரோடு டேக்ஸும் ஒளிஞ்சிருக்கு, ஏன்னா தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், விலை ஏற ஏற டேக்ஸும் ஏறும். உத்தரப்பிரதேசத்துல 2024-ல ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு (கரண்ட்ல மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய வகை) ரெஜிஸ்ட்ரேஷன் வரியையே தள்ளுபடி பண்ணாங்க, நம்ம ஊர்ல அந்தச் சலுகை எலக்ட்ரிக் காருக்கு மட்டும் தான். பெட்ரோல் செலவைப் பாதிக்குப் பக்கமா குறைக்கிற வண்டிக்குக் கொஞ்சமாவது வரியைக் குறைச்சா நல்லா இருக்கும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கம்பெனி பேப்பர்ல இருக்கிற ஏஆர்ஏஐ (காரைச் சோதிச்சுச் சான்று குடுக்கிற அமைப்பு) மைலேஜை வெச்சுப் பாத்தா சிவிடி 18.4, ஹைப்ரிட் 27.13, அந்தக் கணக்குல உங்களுக்கு மாசம் 21 லிட்டர் தான் மிச்சம். நிஜ டிராஃபிக்ல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. பேப்பர்ல இருக்கிற நம்பரை ரெண்டு காருமே எட்டாது, ஆனா நெரிசல்ல பெட்ரோல் கார் விழற அளவுக்கு ஹைப்ரிட் விழாது. சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் பெரும்பாலும் ஆஃப், பிரேக் பிடிக்கும்போது வீணாப் போற சக்தி பேட்டரிக்குத் திரும்புது, ஊர்ந்து போறப்போ மோட்டார் இழுக்குது.

ஆனாலும் உங்க முட்டி வலியை மனசுல வெச்சு நான் ஹைப்ரிட் தான் சொல்வேன், அதுக்குக் காரணம் ஓட்டுற சுகம். சிட்டி ஹைப்ரிட்ல டவுனுக்குள்ள சக்கரத்தைச் சுத்துறது முழுக்க மோட்டார் தான், 1.5 லிட்டர் இன்ஜின் தேவைப்படும்போது ஜெனரேட்டர் மாதிரி ஓடி கரண்ட் தயார் பண்ணும். மோட்டாரோட டார்க், அதாவது சக்கரத்தைச் சுத்துற விசை, 253 நியூட்டன் மீட்டர், சாதா பெட்ரோல் சிட்டில 145 தான், அதுவும் இன்ஜின் சுத்து ஏறினப்புறம் தான் கிடைக்கும், இங்க காலை லேசா வெச்ச உடனே கிடைக்குது. முன்னாடி போற ஆட்டோ சட்டுனு நகந்து ஒரு கேப் விழுந்தா யோசிக்காம உள்ள போயிடலாம், ஜெர்க் கிடையாது. ஸ்டியரிங் பின்னாடி இருக்கிற பேடில் கியர் மாத்த இல்ல, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி எவ்வளவு வேகமா தானா மெதுவாகணும்னு செட் பண்றதுக்கு, அதைக் கூட்டி வெச்சுக்கிட்டா பிரேக்குக்குக் கால் போற வேலையே குறைஞ்சுடும். அப்புறம் ஏசி. இதுல ஏசி கம்ப்ரெசர் கரண்ட்ல ஓடுறது, அதனால மே மாசம் மத்தியானம் சிக்னல்ல இன்ஜின் ஆஃப் ஆனாலும் காத்து சில்லுனே வரும். ரொம்ப நேரம் நின்னா பேட்டரி இறங்கி இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகி சார்ஜ் பண்ணிக்கும், அது ரிப்பேர் இல்ல.

பிடிக்காத விஷயமும் சொல்லிடறேன். ஃப்ளைஓவர் ஏறும்போது காலை முழுசா அமுக்கினா இன்ஜின் ஒரேடியா கத்தும், ஆனா வேகம் அந்தச் சத்தத்துக்கு ஏத்த மாதிரி ஏறாது. பிரேக் பெடல் முதல் வாரம் வித்தியாசமா தெரியும். டிக்கி தான் பெரிய குறை, சாதா சிட்டில 506 லிட்டர், ஹைப்ரிட் 2022-ல வந்தப்போ 306, பின் சீட்டுக்குப் பின்னாடி பேட்டரி உக்காந்திருக்கு. ஊருக்குப் போறப்போ குடும்பத்துல எத்தனை பெட்டின்னு எண்ணிப் பாத்துட்டு புக் பண்ணுங்க.

சேலம் வாசகர்: எனக்கு மாசம் 3,000 கிலோமீட்டர், கிட்டத்தட்ட எல்லாமே பெங்களூரு, சென்னை ஹைவே. இவ்வளவு ஓட்டத்துக்கு ஹைப்ரிட் தானே சரி?

எல்லாரும் அப்படித் தான் நினைக்கிறாங்க, கணக்கு வேற சொல்லுது. நாலு வழிச் சாலைல 100-ல சீரா போனா பிரேக்கே பிடிக்க மாட்டீங்க, திரும்ப எடுக்க சக்தியே இல்ல. அந்த வேகத்துல ஹோண்டா சிஸ்டம்ல ஒரு கிளட்ச் லாக் ஆகி இன்ஜினே நேரா சக்கரத்தை ஓட்டும், அதாவது அந்த நேரத்துல அது கிட்டத்தட்ட ஒரு சாதா பெட்ரோல் கார். சிவிடி 17, ஹைப்ரிட் 21 குடுக்குதுன்னு வெச்சா 3,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 34 லிட்டர் தான். தாம்பரம் சாரை விட ரெண்டரை மடங்கு ஓட்டுறீங்க, ஆனா அவரை விட உங்களுக்கு மிச்சம் கம்மி. உங்களை மாதிரி ஆளுக்குத் தான் முன்னாடி டீசல் சிட்டி, டீசல் வெர்னாலாம் இருந்துச்சு, ரெண்டுமே 2023-ல போயிடுச்சு. ஹூண்டாய் வெர்னா டர்போ, ஃபோக்ஸ்வேகன் வர்ட்டஸ் 1.5 டர்போ ரெண்டையும் ஒரு தடவை ஹைவேல ஓட்டிப் பாருங்க, லாரியை ஓவர்டேக் பண்றப்போ அதுல வர்ற நம்பிக்கை வேற. டேங்கும் யோசிக்கணும், சிட்டி ஹைப்ரிட்லயும் 40 லிட்டர் தான்.

மதுரை வாசகி: பழைய மாருதி சியாஸ் ஒண்ணு வருது, பின்னாடி ஸ்மார்ட் ஹைப்ரிட்னு போட்டிருக்கு. சிட்டி ஹைப்ரிட் மாதிரி தானே இதுவும், விலை பாதி கூட இல்ல?

இல்லம்மா, பேர் தான் ஒண்ணு. சியாஸ்ல இருக்கிறது பெல்ட்டுல ஓடுற ஒரு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், சிக்னல்ல இன்ஜினை நிறுத்தி அலுங்காம திரும்ப ஸ்டார்ட் பண்ணும், கிளம்பும்போது லேசா கை குடுக்கும், அவ்வளவு தான், கரண்ட்ல மட்டும் ஒரு அடி கூட ஓடாது. ஏசியும் இன்ஜின்ல தான் ஓடுது, இன்ஜின் நின்னா கொஞ்ச நேரத்துல காத்து சூடாகும். ஆனா கார் நல்ல கார், பின் சீட்டுல காலை நீட்டி உக்காரலாம், சஸ்பென்ஷன் சாஃப்ட், பெட்ரோல் மேனுவலுக்கு பேப்பர் மைலேஜ் 20.65. மாடல் 2025-ல நின்னுடுச்சு, ஆனா அந்த இன்ஜின் மாருதியோட மத்த கார்கள்லயும் இருக்கு, பார்ட்ஸ் பயம் வேண்டாம். ஹைப்ரிட்ங்கிற பேருக்காக மட்டும் கூடக் காசு குடுக்காதீங்க.

கோவை வாசகர்: புது சிட்டி ஹைப்ரிட் விலைக்கு யூஸ்டு டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் கிடைக்குது. எடுத்தா தப்பா?

தப்பே இல்ல, எந்த வருஷ மாடல்ங்கிறதுல தான் விஷயம். 2019-ல இங்க வந்த மாடல்ல பேட்டரியைப் பின் சீட்டுக்கு அடில கொண்டு போயிட்டாங்க, டிக்கி முழுசா கிடைக்கும், அதுக்கு முந்தின மாடல்ல பேட்டரி சீட்டுக்குப் பின்னாடி நின்னு இடத்தைச் சாப்பிடும். 2.5 லிட்டர் இன்ஜினும் மோட்டாரும் சேந்து 218 பிஎஸ் பவர். டொயோட்டால ரெண்டு மோட்டாரையும் இன்ஜினையும் ஒரு கியர் செட் எப்பவும் சேத்தே வெச்சிருக்கும், எந்த நேரத்துல எது ஓடுதுன்னு டிஸ்ப்ளேவைப் பாத்தா தான் தெரியும், அவ்வளவு மிருதுவா மாறும். அவிநாசி ரோட்டுல சிட்டி துறுதுறுன்னு போகும், கேம்ரி மிதந்து போகும். பின் சீட்டு சுகத்துல சிட்டியை இதோட ஒப்பிடவே முடியாது. ஆனா சிட்டியை விட ஒரு அடி நீளம், பார்க்கிங்லயும் ஸ்பீட் பிரேக்கர்லயும் தினமும் தெரியும். டயர், பம்பர், ஹெட்லைட் எல்லாமே பெரிய கார் விலை, மைலேஜ்ல மிச்சம் பண்ற காசு ஒரு ஹெட்லைட் உடைஞ்சா போச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி டொயோட்டா சர்வீஸ்ல விட்டு ஹைப்ரிட் பேட்டரி செக் பண்ணச் சொல்லி ரிப்போர்ட்டை கைல வாங்குங்க. பின் சீட்டுப் பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல் மாதிரி கிரில் இருக்கும், பேட்டரிக்குக் குளுமையான காத்து போறதே அது வழியா தான். அதுல கை வெச்சுப் பாருங்க, தூசி அடைச்சிருந்தா, நாய் முடி சிக்கியிருந்தா, முந்தின ஓனர் வண்டியை எப்படி வெச்சிருந்தாருன்னு அங்கயே தெரிஞ்சுடும்.

வெள்ளவத்தை வாசகர்: கொழும்புக்குள்ள வேலைக்குப் போய்வர ஹைப்ரிட் கார் ஒண்டு எடுக்க யோசிக்கிறன். டொயோட்டா ஆக்சியோ நல்லமோ, ஹோண்டா கிரேஸ் நல்லமோ?

ரெண்டுமே 1.5 லிட்டர், ஜப்பான் பேப்பர் கணக்குல கிரேஸ் 34.4, ஆக்சியோ 33, அதனால மைலேஜை விட்டுடுங்க. ஓட்ட ஜாலியா இருக்கிறது கிரேஸ் தான், அதுல 7 கியர் டூயல் கிளட்ச், காலை அமுக்கினா கியர் மாறி பாயும். ஆனா வண்டி இல்லாத ரோட்டுல நல்லா இருக்கிற அந்த கியர்பாக்ஸே உங்க காலி (Galle) வீதி நெரிசல்ல ஆபீஸ் டைம்ல அங்குலம் அங்குலமா நகரும்போது, லேசா உதறும், கிளட்ச் சூடாகும். இதே சிஸ்டம் வந்த ஹோண்டா ஃபிட், வெசல் கார்களுக்கு 2013, 2014-ல ஜப்பான்ல பல தடவை ரீகால் போட்டாங்க, அதாவது வித்த வண்டியைச் சரி பண்ணத் திரும்பக் கூப்பிட்டாங்க. ஆக்சியோல கிளட்சே இல்ல, மந்தமா இருக்கும், ஆனா ஊர்ந்து போறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். 2020-ல இறக்குமதியை நிறுத்தி 2025-ல தான் திரும்பத் திறந்தாங்கங்கிறதால அங்க கைமாறுற வண்டிகள் பலதும் வயசான வண்டி, பேட்டரியும் வயசானது. வயசான ஹைப்ரிட்ல சிக்கலான கியர்பாக்ஸும் சேர வேண்டாம், ஆக்சியோவே எடுங்க.

குன்னூர் வாசகி: புதுசா சிட்டி ஹைப்ரிட் எடுத்தோம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்சிலரேட்டர்ல காலே இல்ல, ஆனா இன்ஜின் சத்தம் போடுது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்ல மேடம், பயப்படாதீங்க. அந்த பேட்டரி ரொம்ப சின்னது, குன்னூர்ல இருந்து கொஞ்ச தூரம் இறங்கினதுமே நிறைஞ்சுடும். அப்புறம் பிரேக்ல வர்ற கரண்டை எங்க வைக்கிறதுன்னு இடம் இல்லாம, அதை வெச்சு இன்ஜினைச் சும்மா சுத்தி வண்டியைப் பிடிக்கும், நீங்க கேக்குறது அந்தச் சத்தம், அப்போ பெட்ரோல் எரியாது. இறக்கத்துல லிவரை B-ல போட்டுக்குங்க (பார்க்கிங்குக்கான P இல்ல), பிரேக் சூடாகாது. அந்த நேரத்துல பெடல் கொஞ்சம் வேற மாதிரி தெரியலாம், அழுத்தம் கூடக் குடுத்தாப் போதும். ஏறும்போது மைலேஜ் பத்து பன்னெண்டுனு காட்டினா கவலைப்படாம, மேட்டுப்பாளையம் போயிட்டு வந்த மொத்த ட்ரிப்புக்கும் சேத்துப் பாருங்க.