போர்டில் கடகட, புத்தகத்தில் திணறல்

கேள்வி: தளி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 23 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் கன்னடம், ஏழெட்டுப் பேர் தெலுங்கு. ஓசூர் கம்பெனி வேலைக்காக வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி ஒடியா பேசுகிறாள். ஸ்மார்ட் போர்டில் கதை ஓடினால் எல்லோரும் கூடவே கடகடவென்று படிக்கிறார்கள். அதே கதையைப் புத்தகத்தில் கொடுத்தால் திணறுகிறார்கள். ‘வீட்டிலும் தமிழே பேசுங்கள்’ என்று பெற்றோரிடம் சொல்லட்டுமா?
- ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அவர்கள் படிக்கவில்லை டீச்சர், கூடப் பாடுகிறார்கள். போர்டின் குரல் முன்னால் போகிறது, நிறம் மாறும் எழுத்தின் மேல் கண் சும்மா நகர்கிறது. நாலு தடவை கேட்டால் கதை மனப்பாடம். சந்தேகம் என்றால் நாளைக்கே அந்தக் கதையின் நடுவிலிருந்து ஒரே ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

அதற்காகப் போர்டைத் துணி போட்டு மூட வேண்டாம். முதல் நாள் சத்தத்தோடு ஓடட்டும். மறுநாள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். கதையைப் பிள்ளைகள் சொல்லட்டும். மூன்றாம் நாள் அச்செடுத்த தாளில் விரல் வைத்துப் படிக்கட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015-லிருந்து படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல கதைகள் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒடியா என்று பல மொழிகளில் உண்டு. இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், அதற்கு உரிமம் இருக்கிறது. மலைப் பக்கத்து சிக்னலை நம்பாமல், ஓசூர் போகிற நாளில் மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டு மொழிக்கு வருகிறேன். அந்த வார்த்தையைப் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். நான் சொல்லி மாட்டிக்கொண்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்னடம் பேசும் ஓர் அம்மாவிடம் அப்படிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த தமிழ் சந்தைக்குப் போய்வர மட்டுமே போதும். அதை வைத்துக்கொண்டு பையனிடம் என்ன பேசுவார்? ‘வா, சாப்பிடு, தூங்கு’ என்பதோடு வீட்டுப் பேச்சு நின்றுபோனது. அதுவரை கதை கதையாகச் சொன்னவன், வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒரு மொழியில் நிறையக் கேட்டு, நிறையப் பேசிய பிள்ளைதான் இன்னொரு மொழியின் எழுத்தையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

உங்கள் வகுப்பிலேயே பாடம் கிடக்கிறது. பால் என்று எழுதிவிட்டு வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். தெலுங்குப் பிள்ளை ‘பாலு’ என்னும், கன்னடப் பிள்ளை ‘ஹாலு’ என்னும். அப்புறம் பூவும் புலியும். கன்னடத்தில் ‘ஹூ’, ‘ஹுலி’ என்று வரும். நம்ம ‘ப’ அங்கே ‘ஹ’ ஆவதை இரண்டாவது உதாரணத்திலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்துவார்கள். பம்பரத்தில் முதல் ‘ப’ ஒரு ஒலி, ‘ம்’முக்கு அடுத்த ‘ப’ வேறு ஒலி. நமக்கு இது காதிலேயே விழாது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். அன்றைக்கு அவர்கள் உங்களுக்கே சொல்லிக் கொடுப்பார்கள்! ராகிக் களியைக் கேட்டால் கன்னடத்தில் ‘முத்தே’, தெலுங்கில் ‘சங்கட்டி’ என்று பெயர்கள் வரும். ஒடியாவில் ராகிக்கு ‘மாண்டியா’ என்று பெயர். அந்தச் சிறுமியைக் கேட்டுப் பாருங்கள், அவள் வீட்டில் வேறு பெயர்கூட இருக்கலாம்.

பள்ளி டேப்லெட்டுக்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. வாரம் ஒரு பாட்டியை வரவழைத்து, அவர் மொழியிலேயே ஒரு சின்னக் கதை சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல, நீங்கள் ஐந்தாறு வரியாக எழுதி அச்செடுங்கள். தெரிந்த கதை, தங்கள் வாயால் சொன்ன சொற்கள். விரல் வைத்துப் படிக்க இதைவிட நல்ல தாள் கிடைக்காது.

வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலிகளை மட்டும் மதிப்பெண் போடப் பயன்படுத்தாதீர்கள். கன்னட வாடையில் சரியாகப் படிக்கிற பிள்ளைக்கும் அது தப்பு காட்டிவிடலாம். உங்கள் காது போதும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தமிழ் பேசச் சொல்வதற்குப் பதில் ஆளுக்கு ஒரு கதை கேளுங்கள். ஒடியாச் சிறுமியின் அம்மா வேலைக்குப் போகிறவர் என்றால் கூட்டத்துக்கு வர முடியாமல் போகலாம். ஷிஃப்ட் முடியும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போனில் கூப்பிடுங்கள்.